ஹானியா ரானியைத் தூங்க வைக்கும் இசைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பிதழில் மனசை லேசாக்கும் இசை என்று ஒரு பக்கம் வந்திருந்தது. மழைச் சத்தம், கடலலைச் சத்தம், புல்லாங்குழல், அப்புறம் கடைசியில் இரண்டே வரியில் போலந்து நாட்டுப் பியானோ கலைஞர் ஹானியா ரானி. படுக்கும் முன் போட்டுவிட்டால் நன்றாகத் தூக்கம் வரும் என்பதுதான் அவரைப் பற்றி அந்தப் பக்கம் சொன்ன ஒரே சேதி. எந்த ஊர்க்காரர், என்ன இயற்றியிருக்கிறார், எப்படி வாசிக்கிறார், ஒன்றும் இல்லை. அவர் பெயரை ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பார்த்ததே எனக்குச் சந்தோஷம்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் இன்று ஐரோப்பாவில் மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கும் ஒரு இசையமைப்பாளரை மழைச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது சரியில்லை. ஏன் சரியில்லை என்று கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, கடிதம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன், அந்தப் பக்கம் சொல்லாமல் விட்டதால். 1990இல் பால்டிக் கடலோரம் உள்ள கிடான்ஸ்க் நகரில் பிறந்தவர். அங்கே இசைப்பள்ளியில் படித்து, பிறகு வார்சாவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய போலந்து இசையமைப்பாளர் ஃப்ரிடெரிக் ஷோபான் பெயரில் இருக்கும் இசைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதாவது முறையாக, கண்டிப்பாக, சின்ன வயதிலிருந்தே கிளாசிக்கல் பியானோ பயின்றவர். 2015இல் பள்ளித் தோழியான செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) கலைஞர் டோப்ராவா சோஹருடன் சேர்ந்து, ரெபுப்ளிகா என்ற போலந்து ராக் குழுவின் பாடல்களை பியானோவுக்கும் செல்லோவுக்கும் ஏற்ப மாற்றி ஒரு ஆல்பம் கொண்டுவந்தார். தனி ஆல்பம் 2019இல்தான் வந்தது. அதன் பெயர் 'எஸ்யா', ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து பார்த்தால் தெரியும் ஒரு மலையின் பெயர். மான்செஸ்டரில் இருந்து நடக்கும் கோண்ட்வானா ரெகார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம் அதை வெளியிட்டது. போலந்தில் இசைக்காக வருடாவருடம் தரும் ஃப்ரிடெரிக் விருதுகளும் அதற்குக் கிடைத்தன. அந்த விருதின் பெயரும் ஷோபானுடையதுதான், அந்த நாட்டில் பியானோ முன் உட்காரும் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது போலிருக்கிறது.

இப்போது அந்தச் சத்தத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கம் அதை மென்மையான இசை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டது. அந்த மென்மை எப்படி உண்டாகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மேடைக் கச்சேரிகளில் நாம் பார்க்கும் கிராண்ட் பியானோ படுத்திருக்கும், அதன் சுத்தியல்கள் கீழிருந்து மேலே போய் கம்பியை அடிக்கும். வீடுகளில் சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோவில் கம்பிகள் செங்குத்தாக நிற்கும், சுத்தியல்கள் முன்னால் நகர்ந்து அடிக்கும். அந்த வகைப் பியானோ பலவற்றில் நடு பெடலை அழுத்தினால் சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு கம்பளித் துணிப்பட்டை இறங்கும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் சாதகம் பண்ணுவதற்காக வைத்த ஏற்பாடு அது, வேறொன்றுமில்லை. ஆனால் துணி வழியாக அடிக்கும்போது பியானோவின் அந்தக் கணீர் என்ற முனை போய்விடுகிறது. மேல் ஒலிகள் மழுங்கி, அடியில் இருக்கும் கனமான பகுதி மட்டும் வெளியே வருகிறது. சத்தம் மிகவும் குறைந்துவிடுவதால் பதிவு செய்ய மைக்கை சுத்தியல்களுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறது. அப்படி வைத்ததும் இன்னொரு காரியம் நடக்கிறது: சுத்தியல் திரும்பி வந்து விழும் ஓசை, பெடல் எழும்பும் முனகல், கட்டைகள் மேல் விரல் படும் சின்னச் சத்தம், எல்லாம் பதிவில் வந்துவிடுகின்றன. வழக்கமான கிளாசிக்கல் பதிவில் இதையெல்லாம் கேட்காதபடி பார்த்துக்கொள்வார்கள், ஒலிப்பதிவாளருக்கு அது கௌரவப் பிரச்சினை. இந்த வகை இசையில் அதை வேண்டுமென்றே வைத்துக்கொள்கிறார்கள். ரானி மட்டும் இல்லை, ஜெர்மனியின் நில்ஸ் ஃப்ராம், ஐஸ்லாந்தின் ஓலாஃபுர் அர்னால்ட்ஸ் என்று ஒரு தலைமுறையே இப்படி வேலை செய்திருக்கிறது.

இதில் ஏமாற்று எதுவும் செய்ய முடியாது என்பதை வாசித்துப் பழகியவர்கள் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். சத்தமாக வாசிக்கும்போது ஒரு விரல் கொஞ்சம் கூடுதலாக விழுந்தால் மற்ற சுரங்களின் இரைச்சலில் அது மறைந்துவிடும். சுத்தியலுக்கு ஒட்டி மைக் வைத்து, கேட்கிறதா இல்லையா என்ற அளவில், ஒரே கட்டை வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது ஒரு விரல் பிசகினாலும் அது அப்பட்டமாகத் தெரியும். 'எஸ்யா' முழுவதும் தனிப் பியானோதான். அதில் வரும் வேகமான பகுதிகளைக் கேட்டுப் பாருங்கள், இடது கையும் வலது கையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும், ஆனால் ஒரு சுரம்கூட மற்றதைவிட மேலே எழும்பாது. அந்தச் சமநிலை இசைப்பள்ளியில் வருஷக்கணக்கில் சாதகம் பண்ணி வந்தது. மனசுக்கு இதமாக இருக்கிறது என்று நாம் சொல்வது அந்த உழைப்பின் பலன், அது தானாக வந்த குணம் என்று நினைத்துவிடக் கூடாது.

பியானோவைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இசை முழுக்க அதிலிருந்துதான் பிறக்கிறது. பாடுகிறவர் ஒரு சுரத்தை மூச்சு இருக்கும் வரை நிறுத்தலாம், வயலின்காரர் வில் இருக்கும் வரை இழுக்கலாம். பியானோவில் அது முடியாது. கட்டையை அழுத்தியதுமே ஒலி சாகத் தொடங்குகிறது, எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. அப்படியானால் ஒலி நிற்கிற மாதிரி ஒரு உணர்வை எப்படி உண்டாக்குவது? அடுத்த சுரத்தை முந்தையது அணையும் முன்பே அடிக்க வேண்டும், அதையும் அடுத்து அடுத்து. வலது பெடலை அழுத்தி எல்லாக் கம்பிகளையும் திறந்துவிட்டால் அடிக்காத கம்பிகளும் சேர்ந்து அதிரும். போதாததற்கு இன்று மின்னணு ஒலிகளை உண்டாக்கும் சின்தசைசரும், வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் கருவியும் இருக்கின்றன. ரானி இந்த மூன்றையும் கலக்கிறார். ஒரு பக்கம் அப்ரைட், ஒரு பக்கம் கிராண்ட், நடுவில் சின்தசைசர்கள் என்று வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் திரும்பித் திரும்பி வாசிப்பார். நம் கச்சேரியில் தம்பூரா செய்யும் வேலையை அவர் கையே செய்கிறது, மேலே பாட்டும் அதே கைதான்.

திரும்பத் திரும்ப வருவதால் இது கேட்க வேண்டாத இசை, பின்னணியில் ஓடவிடலாம் என்ற எண்ணம்தான் உங்கள் பக்கத்தை எழுதியவரிடம் இருந்திருக்க வேண்டும். அவருக்கு நான் சொல்ல விரும்புவது ஷோபானைத்தான். 1844இல் ஷோபான் ஒரு தாலாட்டு எழுதி முடித்தார், ஓபஸ் (படைப்பு எண்) 57. அதில் இடது கை முதலிலிருந்து கிட்டத்தட்ட கடைசி வரை ஒரே சின்னச் சுரக்கட்டைத்தான் வாசிக்கிறது. அடியில் ஒரே ஆதாரச் சுரம் விடாமல் ஒலிக்கிறது. எழுபது தாளக் கட்டம் (பார்) நீளம், அவ்வளவுதான் மொத்த உருப்படியும். அதன் மேலே வலது கை நாலு கட்டம் நீளமுள்ள ஒரு மெட்டை எடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரு புது அலங்காரம் செய்துகொண்டே போகிறது. முதலில் அதற்கு அவர் வைத்த பெயர் 'வேரியாந்த்', அதாவது மாறுபாடுகள். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரே ஒரு அந்நிய சுரம் எட்டிப் பார்க்கும், அதுவரை அசையாமல் இருந்த தரை லேசாக நகர்ந்த மாதிரி இருக்கும், அந்த ஒரு இடத்துக்காகவே அந்த உருப்படியைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் உண்டு. தலைப்பிலேயே தாலாட்டு என்று இருக்கிற ஒரு உருப்படியை வாசித்துவிட்டு ஷோபானைத் தூங்க வைக்கும் இசைக்காரர் என்று எந்தப் பத்திரிகையும் எழுதாது. அப்புறம் ரானிக்கு மட்டும் ஏன் அந்த வரிசை?

ரானி ஷோபானைக் காப்பியடிக்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் வேலையில் சின்னச் சுரக்கட்டுகளைத் திரும்பத் திரும்ப வைத்து இசை செய்த அமெரிக்க மினிமலிஸ்டுகள் இருக்கிறார்கள், ஐஸ்லாந்து இருக்கிறது, ராக்கும் ஜாஸும் இருக்கின்றன. 2023இல் வந்த 'கோஸ்ட்ஸ்' ஆல்பத்தில் ஒரு உருப்படிக்கு 'கோமெடா' என்றே பெயர், போலந்து ஜாஸின் பெரிய பெயரான க்ஷிஷ்டோஃப் கோமெடாவை நினைத்து. (1969லேயே இறந்துவிட்ட அந்தப் பியானோ கலைஞரைப் பற்றியும் என்றாவது ஒரு கட்டுரை போடுங்கள்.) ஆனால் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, நகராமல், ஒரு சுரத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கும் பழக்கம் அவர் நாட்டு இசையில் பழையது. அதைத் தெரிந்துகொண்டால்தான் இவர் எங்கிருந்து வருகிறார் என்று தெரியும்.

போலந்து இசையமைப்பாளர் ஹென்ரிக் குரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1976இல் எழுதியது. மூன்று பாகங்கள், மூன்றுமே மெதுவானவை. முதல் பாகம் அடித்தந்திகளின் முணுமுணுப்பில் தொடங்கி, ஒரே மெட்டு ஒவ்வொரு வாத்தியப் பிரிவாக ஏறி ஏறி வந்து, நடுவில் ஒரு பெண்குரல் நுழைந்து, மறுபடி அதே வழியில் இறங்கிப் போகும். இரண்டாம் பாகத்தில் பாடப்படும் வரிகள் 1944இல் ஜகோபானே நகரில் நாஜி ரகசியப் போலீஸின் சிறைச் சுவரில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி கீறி வைத்தவை, தன் அம்மாவைப் பார்த்து அழாதே என்று சொல்லும் வரிகள். 1992இல் வந்த ஒரு பதிவு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது, இருபதாம் நூற்றாண்டில் எழுதிய ஒரு சிம்பொனிக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத எண்ணிக்கை. அதுவும் மெதுவான இசைதான், திரும்பத் திரும்ப வருவதுதான், மனசை அமைதிப்படுத்தும் என்று சொன்னால் பொய்யும் ஆகாது. ஆனாலும் யாராவது அதை மழைச் சத்தத்தோடு சேர்த்துப் பட்டியல் போட்டால் நமக்குக் கோபம் வரும் இல்லையா.

மின்னணு ஒலிகளின் கதையும் அங்கே புதிதல்ல. 1957லேயே, கம்யூனிச ஆட்சிக் காலத்தில், போலந்து வானொலி வார்சாவில் பரிசோதனை ஒலிக்கூடம் ஒன்றைத் தொடங்கியது. அதை உருவாக்கியவர் யூசெஃப் பட்கோவ்ஸ்கி. ஒலிநாடாவை வெட்டி, ஒட்டி, பின்னாலிருந்து ஓட்டி, வேகம் கூட்டிக் குறைத்து, அப்படித்தான் அந்தக் காலத்தில் இசை செய்தார்கள். 1962இல் ஆஸ்கர் ஹான்சன் என்ற கட்டடக் கலைஞர் அதற்கென்று ஒரு கறுப்பு அறையை வடிவமைத்தார். அந்த அறைச் சுவர்ப் பலகைகளைத் திருப்பலாம், ஒரு பக்கம் ஒலியை விழுங்கும், மறுபக்கம் திருப்பி அனுப்பும். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்காக போலந்து இசையமைப்பாளர் பெண்டெரெட்ஸ்கி செய்த ஒலிநாடா இசை இந்த ஒலிக்கூடத்தில் உருவானதுதான். ரானி 2024இல் வெளியிட்ட 'நாஸ்டால்ஜியா' ஆல்பம் அதே போலந்து வானொலியின் வார்சா அரங்கு ஒன்றில் ரசிகர்கள் முன்னால் வாசித்த கச்சேரியின் பதிவு. அங்கே அவர் பியானோவையும் சின்தசைசரையும் ஒன்றாக வைத்துக்கொண்டு உட்காரும்போது புதிதாக வந்த ஏதோ ஒரு மோஸ்தரைக் கையில் எடுத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் நாடாவை வெட்டி ஒட்டியவர்களுக்குப் பேத்தி முறை ஆகிறவர் அவர்.

சரி, ஆம்பியன்ட் என்று சொல்லும் இந்த வகையே பின்னணிக்காகத்தானே என்று நீங்கள் கேட்கலாம். அதை ஆரம்பித்து வைத்த ஆங்கில இசைக்கலைஞர் பிரையன் ஈனோ என்ன நினைத்தார் என்று பார்ப்போம். 1975இல் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி ஒருவர் பழைய ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைச் சிரமப்பட்டு ஓடவிட்டுத் திரும்பி வந்து படுத்தபின்தான் சத்தம் மிகவும் குறைவாக இருந்தது தெரிந்தது, எழுந்து போய்க் கூட்டத் தெம்பில்லை. வெளியே பெய்யும் மழையோடு கலந்து, பாதி கேட்டும் பாதி கேட்காமலும் அந்த இசை ஓடியது. அதிலிருந்துதான் இந்த எண்ணமே அவருக்கு வந்தது. ஆனால் 1978இல் விமான நிலையங்களுக்கான தன் ஆல்பத்தின் உறையில் அவர் எழுதியது என்னவென்றால், கேட்பவர் எந்த அளவுக்குக் கவனம் கொடுத்தாலும் அந்த அளவுக்கு ஈடுகொடுக்க வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் உறுத்தக் கூடாது, கவனித்தாலும் ஏமாற்றக் கூடாது என்பதுதான். உங்கள் பக்கம் அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. முழுக் கவனத்தோடு கேட்டால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்வதுதானே பத்திரிகையின் வேலை? தூக்கத்துக்கு எதைப் போடலாம் என்று ஸ்ட்ரீமிங் செயலியே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதற்கு ஒரு பத்திரிகை தேவையில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த மெல்லிய பியானோ வகையில் இன்று வெளிவருவதில் நிறைய சரக்கே இல்லாதவை. நாலு சுரக்கூட்டு (கார்ட்), ஒரு துணிப்பட்டை, கொஞ்சம் எதிரொலி, மேலே பனிமலை படம் ஒன்று, முடிந்தது. யார் வாசித்தது என்று பெயரை மறைத்துவிட்டால் ஒன்றிலிருந்து ஒன்றை அடையாளம் காண முடியாது. செயலிகளின் பட்டியல்களில் இடம் பிடிப்பதற்காகவே இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற மாதிரி செய்கிறார்கள். அதையெல்லாம் கேட்டுச் சலித்தவர்கள் ரானியையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டால் அவர்கள் மேல் எனக்குக் கோபம் வராது. அதனால்தான் விமர்சனம் தேவை என்கிறேன், நெல் எது, பதர் எது என்று எடுத்துச் சொல்ல யாராவது வேண்டும்.

அவர் செய்ததெல்லாம் உச்சம் என்றும் நான் சொல்லவில்லை. 2020இல் வந்த 'ஹோம்' ஆல்பத்தில் அவர் பாடவும் தொடங்கினார், பாஸும் டிரம்ஸும் சேர்ந்துகொண்டன. அவர் குரல் சின்னக் குரல், மூச்சோடு ஒட்டியது. பியானோவின் நடுவே இன்னொரு வாத்தியம்போல அது வரும்போது அழகு, பாட்டு என்று முன்னால் வந்து நிற்கும்போது அந்தக் குரலுக்குச் சுமை கூடிப்போகிறது. 'கோஸ்ட்ஸ்' ஆல்பமும் அப்படித்தான், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, சில இடங்களில் சின்தசைசரின் மூட்டத்தில் இசை எங்கே போகிறது என்பதே மறைந்துவிடுகிறது, கொஞ்சம் வெட்டியிருக்கலாம். ஆனால் அதே ஆல்பத்தில் ஓலாஃபுர் அர்னால்ட்ஸோடு சேர்ந்து செய்த உருப்படியின் அடக்கமும், கனடா பாடகர் பேட்ரிக் வாட்சனின் குரலும் ரானியின் குரலும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடமும் அவருடைய மிக நல்ல வேலைகளில் சேரும். டோப்ராவா சோஹருடன் சேர்ந்து வாசித்து, 2021இல் டாய்ச்சே கிராமஃபோன் என்ற ஜெர்மன் இசை நிறுவனம் வெளியிட்ட 'இன்னர் சிம்பொனிஸ்' எனக்கு இன்னும் பிடிக்கும், செல்லோ ஒரு சுரத்தை நிறுத்த முடியும் என்பதால் பியானோவுக்கு அங்கே வேறு வேலை கிடைக்கிறது, ஓட்டத்தை விட்டுவிட்டு இடைவெளிகளை வாசிக்கிறது.

சிற்பி ஆல்பர்டோ ஜியாகோமெட்டியின் குடும்பத்தைப் பற்றிய ஆவணப்படத்துக்கு அவர் எழுதிய இசையைத் தனியே சொல்ல வேண்டும். 2023இல் 'ஆன் ஜியாகோமெட்டி' என்ற பெயரில் வந்தது. அதற்காக ஸ்விட்சர்லாந்து மலைகளுக்கே போய்த் தங்கி எழுதினார். ஜியாகோமெட்டியின் உருவங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எலும்பும் தோலுமாக, சுரண்டிச் சுரண்டி இனி சுரண்ட ஒன்றுமில்லை என்ற நிலையில் நிற்பவை. ரானியின் அந்த இசையும் அப்படிச் சுரண்டப்பட்டது. ஒரு சுரம், நீண்ட மௌனம், இன்னொரு சுரம். அந்த மௌனத்தில் பெடல் எழும் சத்தம் கேட்கிறது, அறை கேட்கிறது. தூக்கத்துக்கு என்று போட்டால் அந்த ஆல்பம் ஒன்றும் செய்யாது, அடுத்த சுரம் எப்போது வரும் என்று விழித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். சினிமா அவருக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. ஜோகிம் ட்ரியர் இயக்கி, 2025 கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி வாங்கிய நார்வே படம் 'சென்டிமென்டல் வேல்யூ'வுக்கும் இசை இவர்தான். உங்கள் சினிமா பக்கத்திலேயே அந்தப் படத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள், இசை யார் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இரண்டு பக்கத்துக்கும் ஒரு தொடர்பு கிடைத்திருக்கும்.

இதையெல்லாம்விட, இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று என்னை உட்கார வைத்தது 2025இல் அவர் கொண்டுவந்த 'நான் ஃபிக்ஷன்'. நாலு பாகங்கள் கொண்ட பியானோ கன்செர்டோ (பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி), லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் மான்செஸ்டர் கலெக்டிவ் குழுவினரோடு பதிவு செய்தது. அதற்கு விதை போட்டது யோசிமா ஃபெல்ட்ஷு என்ற சிறுமியின் இசை. 1929இல் பிறந்த யூதக் குழந்தை, நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த வார்சா கெட்டோவுக்குள் அடைபட்ட லட்சக்கணக்கானவர்களில் ஒருத்தி. பியானோவில் மேதை. கெட்டோவுக்குள்ளேயே கச்சேரிகள் செய்தாள், சொந்தமாக இசையும் எழுதினாள். வெளியே உயிரோடு ரகசியமாகக் கொண்டுவந்துவிட்டார்கள், ஆனால் காசநோய் விடவில்லை, 1943இல் பதின்மூன்று வயதில் இறந்துபோனாள். அவள் எழுதிவைத்த சுரத்தாள்கள் மிஞ்சின.

அந்தக் குழந்தையின் சுரங்களுக்கு முன்னால் உட்கார்ந்து, அதே நகரத்தில் பியானோ படித்த ஒருவர் என்ன எழுத முடியும்? சோக இசை எழுதிக் கண்ணீர் வரவழைப்பது சுலபம், ஆர்க்கெஸ்ட்ராவும் கையில் இருக்கிறது. ரானி அந்த வழிக்குப் போகவில்லை. ஆர்க்கெஸ்ட்ரா பெரும்பாலும் பியானோவின் அடியிலேயே ஓடுகிறது, எழும்பும் இடங்களில் நேராக இசையாக வராமல் இரைச்சலாக, உரசலாக, அதிர்வாக வருகிறது, தாளவாத்தியங்கள் எங்கேயோ தூரத்தில் ஏதோ நடப்பதுபோலக் கேட்கின்றன. பியானோவோ விடாமல் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. கன்செர்டோ என்றால் தனி வாத்தியக்காரர் ஆர்க்கெஸ்ட்ராவோடு போட்டி போட்டு வித்தை காட்டுவார் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். இதில் போட்டியே இல்லை. சுற்றி என்ன நடந்தாலும் ஒருத்தி வாசித்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான் இதன் நாடகம் என்று எனக்குப் படுகிறது. அவர் இத்தனை வருஷமாகச் சின்ன அறையில், துணிப்பட்டைக்குப் பின்னால், காதோடு ஒட்டி வாசித்துப் பழகிய அந்தத் தணிந்த குரலுக்கு இங்கேதான் முழுக் காரணமும் கிடைத்தது. உரக்கப் பேசுகிறவர் இந்த உருப்படியை எழுதியிருக்க முடியாது.

இதை எழுதிய இசையமைப்பாளரின் பெயர் உங்கள் பத்திரிகையில் மழைச் சத்தத்துக்கு அடுத்த வரியில் வந்திருக்கிறது. எனக்கு வருத்தம் அதில்தான்.

யாரும் தூங்குவதற்காக இசை கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உடம்பு சரியில்லாதவர்கள், இரவெல்லாம் விழித்திருப்பவர்கள், மனசு ஒரு நிலையில் இல்லாதவர்கள் எத்தனையோ பேருக்கு இந்த இசை துணையாக இருக்கிறது, அது பெரிய விஷயம், அதைச் சின்னதாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. இசையமைப்பாளர் மேக்ஸ் ரிக்டர் 2015இல் தூக்கத்துக்கென்றே எட்டு மணி நேர உருப்படி ஒன்றை எழுதினார், கச்சேரியில் கட்டில் போட்டு ரசிகர்களைப் படுக்க வைத்தே வாசித்தார்கள், அதற்குப் பின்னாலும் கனமான சிந்தனை இருந்தது. அவரைப் பற்றி எழுதினால் தூக்கத்தைப் பற்றி எழுதுவது நியாயம், அவரே கேட்டுக்கொண்டது அது. ரானி கேட்கவில்லை.

மறுப்போ திருத்தமோ போடச் சொல்லி நான் எழுதவில்லை. நான் கேட்பது இதுதான்: இந்த வகை இசையைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது வாசிக்கத் தெரிந்த ஒருவரை எழுதச் சொல்லுங்கள், அரைப் பக்கமாவது கொடுங்கள், உருப்படியின் பெயர், வந்த வருஷம், யார் யார் வாசித்தது என்ற விவரங்களைப் போடுங்கள். கிரிக்கெட் ஆட்டத்துக்கு எத்தனை விவரம் தருகிறீர்கள், அதில் கால் பங்கு போதும். புதிதாகக் கேட்பவர்களுக்கு 'எஸ்யா'விலிருந்து தொடங்கச் சொல்லலாம், ஹெட்போன் இருந்தால் நல்லது, சுத்தியல் விழும் சத்தம் அப்போதுதான் காதில் படும். அதற்குப் பிறகு ஜியாகோமெட்டி, அதற்குப் பிறகு 'நான் ஃபிக்ஷன்', அதை மட்டும் நாலு பாகத்தையும் நடுவில் நிறுத்தாமல். யோசிமா ஃபெல்ட்ஷுவைப் பற்றி உங்கள் சிறுவர் மலரில் ஒரு கட்டுரை வந்தால் இன்னும் நல்லது, அவள் வயதில் கீபோர்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு அவள் பெயர் தெரியட்டும். விருப்பமிருந்தால் சொல்லுங்கள், அந்தக் கட்டுரையை நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நீண்ட நாள் வாசகி